பெயர் போடாத செய்தி

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஆல்பம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. நகரத்தின் ஒரே மாலைப் பத்திரிகையில் பதினாறு வருஷமாக நிருபர். சாவு விழுந்த வீட்டுக்குள் போய், அழுகிறவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து, இறந்தவரின் நல்ல புகைப்படம் ஒன்றோடு வெளியே வருவது அவளுக்குக் கைவந்த கலை. மற்ற நிருபர்கள் வாசலிலேயே வசவு வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். இவள் செருப்பைக் கழற்றுவாள், உள்ளே போவாள், குடிக்கத் தண்ணீர் கேட்பாள். தண்ணீர் கொடுத்த கைக்கு, அடுத்துக் கேட்கிற படத்தை இல்லையென்று சொல்ல மனசு வராது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பெருமைப்படுகிற விஷயமா இது என்று கேட்டால், இல்லைதான். ஆனால் யாருக்கு எது நன்றாக வருகிறதோ அதில்தானே அவர்களுக்குப் பெருமை.

ஒன்று மட்டும் உண்டு. அவள் போவதற்கு முன்னால் சேதி போயிருக்கும். போலீஸோ ஆஸ்பத்திரியோ சொந்தக்காரரோ சொல்லியிருப்பார்கள். இவள் படியேறும்போது அழுகைச் சத்தம் தெருமுனைக்கே கேட்கும். இந்தப் பதினாறு வருஷத்தில் எந்த வீட்டிலும் தன் வாயால் சாவைச் சொல்லும்படி அவளுக்கு நேர்ந்ததில்லை.

அன்று காலை ஆறு பத்துக்கு பிஸ்கட் கம்பெனியின் வேன் வாய்க்காலில் விழுந்தது. டிரைவரும் முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் பிழைத்தார்கள். பின்னால் பேக்கிங் பிரிவுப் பெண்கள் ஒன்பது பேர். பக்கவாட்டுக் கதவு மூன்று மாதமாகவே உள்ளிருந்து திறக்காதாம். டிரைவர்தான் தினமும் இறங்கி வந்து வெளியிலிருந்து இழுத்துத் திறந்துவிடுவானாம். வண்டியைத் தூக்கியபோது ஒன்பது பேரும் அந்தக் கதவோரமாகவே கிடந்தார்கள்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைகளைப் பார்த்து போலீஸ் ஒரு பட்டியல் எழுதியது. போலீஸைப் பார்த்து ஆஸ்பத்திரி எழுதியது. ஆஸ்பத்திரியைப் பார்த்துப் பத்திரிகை எழுதியது. மூன்று பட்டியலும் ஒரு எழுத்து மாறாமல் பொருந்தியதால் அது உண்மையாகிவிட்டது.

செய்தி ஆசிரியரை எல்லோரும் ‘கடிகாரம்’ என்பார்கள். யார் எதைக் கேட்டாலும் மணியைச் சொல்லித்தான் பதிலை ஆரம்பிப்பார்.

“மணி எட்டே கால். ஒரு மணிக்குப் பக்கத்தை மூடிடுவேன். ஒன்பது முகமும் முதல் பக்கத்துல வரிசையா வரணும். கேபிள் டிவிக்காரன்கிட்ட மூணுதான் இருக்கு. நீ இருக்கும்போது எனக்கு என்ன கவலை?”

பதினொன்றே முக்காலுக்குள் எட்டு வீடு முடித்தாள். எளிதாக ஒன்றும் முடியவில்லை. ஒரு வீட்டில் புருஷன்காரன் போனைத் துழாவிக்கொண்டே இருந்தான். எடுத்த படத்திலெல்லாம் அவன் மனைவி சிரித்தபடி முகத்தைக் கையால் மறைத்திருந்தாள். “படம் எடுத்தாலே இப்படித்தாங்க பண்ணுவா” என்று ஒவ்வொரு படத்துக்கும் சொன்னான். இன்னொரு வீட்டில் அப்பா, பெண்ணின் பள்ளிக்கூடப் படத்தைக் கொடுத்துவிட்டு, “கலர்ல வருமா?” என்று கேட்டார். வரும் என்று சொன்னாள். வராது என்று தெரியும்.

ஒன்பதாவது பெயருக்கு உரிய வீடு, பூட்டிக் கிடந்த ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. லாரி ஓட்டுகிற அண்ணனோடு அந்தப் பெண் இருந்தாள் என்றும், அண்ணன் வெளியூர் போயிருக்கிறான் என்றும் போலீஸில் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு இன்னும் யாரும் வரவில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது படம் வைத்திருப்பார்களா என்று விசாரிக்கத்தான் ஆல்பம் போனாள். எதற்கும் இருக்கட்டும் என்று மேலே ஏறிக் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. தலையில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது.

ஆல்பம் பட்டியலில் இருந்த பெயரைச் சொல்லி, “அவங்க வீடு இதுதானா?” என்றாள்.

“நான்தான். சொல்லுங்கக்கா.”

ஆல்பத்தின் பையில் எட்டுப் படங்கள் இருந்தன. ஒன்பதாவது படம் எதிரே நின்று இருமிக்கொண்டிருந்தது.

“உன் கம்பெனி அட்டை எங்கம்மா?”

அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது. கம்பெனியிலிருந்து வந்த ஆள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. “அக்கா, ஏற்கெனவே ரெண்டு நாள் போகலக்கா. சொல்லாம மூணு நாள் சேர்ந்தாப்பல நின்னா பேரை எடுத்துடுவாங்க. அதான் என் சிநேகிதிகிட்ட அட்டையக் குடுத்தேன். எல்லாரும் செய்யறதுதான். தப்புதாங்கக்கா, இல்லைன்னு சொல்லல.”

பிஸ்கட் கம்பெனியில் எல்லோரும் தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வாசலில் இருக்கிற மெஷின் அட்டையைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. உடம்புக்கு முடியாதவளின் அட்டையைப் போட்டுக்கொண்டு இன்னொருத்தி போவது அங்கே சகஜம். சூப்பர்வைசர்களுக்கும் தெரியும். பிஸ்கட் வருகிற பெல்ட் நிற்காமல் ஓடினால் போதும் என்று கண்டுகொள்ளாமல் இருப்பார்கள். இன்று போனவள் இவளோடு சேர்ந்து வேலைக்குச் சேர்ந்த சிநேகிதி. கழிப்பறைக்குப் போகவிடவில்லை என்று சூப்பர்வைசரிடம் சண்டை போட்டதற்காகப் போன மாதம் வேலையிலிருந்து தூக்கப்பட்டவள். அதற்கப்புறம் யார் அட்டையாவது கிடைக்கிற நாளில் போய்வந்துகொண்டிருந்தாள்.

இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பெண் ஆல்பத்தின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

“நீங்க கம்பெனி ஆளு இல்லையா?”

“பத்திரிகை.”

“பத்திரிகையா? ஏன், என்னாச்சு?”

“வேன் வாய்க்கால்ல விழுந்துடுச்சும்மா.”

“அவ?”

ஆல்பம் பார்வையைத் தரைக்கு இறக்கினாள். அதுவே போதுமாக இருந்தது. அந்தப் பெண் நிலைப்படியிலேயே உட்கார்ந்து, துண்டை அவிழ்த்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

துண்டை எடுத்துவிட்டுப் பேசினாள். “அவ அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. துணிக்கடையில வேலை கிடைச்சிருக்குன்னு பொய் சொல்லி வச்சிருந்தா. அவ வேன்ல போனதே அவங்களுக்குத் தெரியாது. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்ச் சொல்லுவேன்? நீங்க சொல்லிடுங்கக்கா. ரெண்டு தெரு தள்ளித்தான். பேப்பர்ல மட்டும் போட்டுடாதீங்க. அவங்க அதுல பார்க்கக் கூடாது.”

“அவங்களுக்குச் சொல்லாம போட மாட்டோம்” என்றாள் ஆல்பம். மனசாரத்தான் சொன்னாள்.

மாடிப்படியில் பாதி இறங்கியதும் நின்று கடிகாரத்துக்குப் போன் போட்டாள். இதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. உயிரோடு இருக்கிற பெண்ணின் பெயர் இறந்தவர்கள் பட்டியலில் அச்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தியே ஆக வேண்டும். “ஒன்பதாவது பேரை எடுத்துடுங்க சார், அது தப்பு” என்று சொல்லிவிட்டு வைத்திருந்தால் போதும்.

அவள் வைக்கவில்லை. கதவு திறந்ததைச் சொன்னாள், ஈரத்துண்டைச் சொன்னாள், அட்டை கைமாறிய கதையைச் சொன்னாள், போன மாதம் வேலை போன பெண் என்று சொன்னாள், துணிக்கடைப் பொய்யையும் எந்தத் தெரு என்பதையும் சொன்னாள். ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று தனக்கு மட்டும் தெரிந்திருக்கிறது என்கிற அந்தச் சூடு இருக்கிறதே, அது தொழிலில் ஊறியவர்களைச் சும்மா இருக்க விடாது. காலையிலிருந்து எட்டு வீட்டில் அழுகையைப் பார்த்தவள்தான். குரலில் ஒரு துள்ளல் இருந்தது. அது அவள் காதுக்கே கேட்டது.

“மணி பன்னெண்டு” என்றார் கடிகாரம். “ஆல்பம், நீ ஆளு இல்ல, புதையல்.”

“சார், அந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நான் போய்ச் சொல்ற வரைக்கும் எதுவும் வேணாம்.”

“பேர் போட மாட்டேன். கவலையே படாத.”

போட மாட்டேன் என்பது வேறு, பேர் போட மாட்டேன் என்பது வேறு. பதினாறு வருஷ நிருபருக்கு அது புரியாதா? புரிந்தது. பத்திரிகையின் வாட்சப் சேனலில் பதினாலாயிரம் பேர் இருக்கிறார்கள் என்பதும், கடிகாரத்தின் கைபேசி எப்போதும் அவர் மடியில்தான் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். இருந்தும் இன்னொரு தடவை அழுத்திக் கேட்கவில்லை. “சரி சார்” என்று வைத்துவிட்டாள்.

நேராக அந்த வீட்டுக்குப் போயிருக்கலாம். ஐந்து நிமிஷ நடை. ஆனால் சூடு தணிந்ததும் பயம் வந்தது. யாராவது முன்னால் போய்ச் சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். எழுத்தர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இன்ஸ்பெக்டர் வாய்க்கால்கிட்ட இருக்கார், வந்ததும் சொல்றேன்” என்றார். ஆஸ்பத்திரிக்குச் செய்தாள். “வீட்டு ஆளு வந்து அடையாளம் காட்டுனாத்தாங்க நாங்க பேச முடியும்” என்றார்கள். வீட்டு ஆளுக்கு விஷயமே தெரியாதே என்றதற்கும் அதையே திருப்பிச் சொன்னார்கள். திரும்பவும் மாடியேறி, “நீயும் கூட வாம்மா” என்று அந்தப் பெண்ணைக் கெஞ்சிப் பார்த்தாள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இப்படியே அரை மணிக்கு மேல் ஓடிவிட்டது. யாரும் கிடைக்கவில்லை.

அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது, யாரும் மூடவில்லை. வீட்டை விசாரித்தாள். ஒருத்தி கையைக் காட்டினாள், வாய் திறக்கவில்லை. ஊரே இழவு வீடாகக் கிடக்கிற நாள், பேச யாருக்கு மனசு வரும் என்று ஆல்பம் நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் ஒரே அறை. பாதி அறையைச் சட்டைகள் அடைத்திருந்தன. தைத்து வந்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை வெட்டிக் கொடுப்பது அந்த அம்மாவின் தொழில். ஐம்பது வயசு இருக்கும். சின்னக் கத்தரிக்கோலைக் கட்டைவிரலில் மாட்டியபடியே எழுந்து வந்தாள்.

“பத்திரிகையில இருந்து வர்றேம்மா.”

“வா கண்ணு, உள்ள வா. வேன்ல போன பிள்ளைங்களைப் பத்தியா? எல்லாம் என் பொண்ணோட வேலை பார்த்த பிள்ளைங்கதான். உட்காரு. மூஞ்சியெல்லாம் வாடிக் கிடக்கு, தண்ணி குடி.”

இவள் கேட்காமலே தண்ணீர் வந்துவிட்டது. ஆல்பம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என் பொண்ணும் அந்த வேன்லதான் போய்க்கிட்டு இருந்தா, தெரியுமா? போன மாசம் சூப்பர்வைசர்கிட்ட வாய்க்கு வாய் பேசி வேலையத் தொலைச்சுட்டு வந்து நின்னா. அன்னைக்கு நான் அவளைப் பேசாத பேச்சு இல்ல. வாய அடக்கத் தெரியாதவ எங்க போய் உருப்படுவான்னு கேட்டேன். ரெண்டு நாள் அவகூடப் பேசல.” அந்த அம்மா குரலைத் தாழ்த்தினாள். “இன்னைக்கு அந்த வாய்தானே அவளைக் காப்பாத்தியிருக்கு? ஊரே அழுதுக்கிட்டு இருக்கும்போது இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனா பெத்தவளுக்கு எப்படி இருக்கும், நீயே சொல்லு. உனக்குப் பிள்ளைங்க இருக்கா?”

“ஒரு பொண்ணும்மா.”

“அப்ப உனக்குப் புரியும். இவ இப்ப துணிக்கடையில இருக்கா. வேலை நேரத்துல போனை வாங்கி வச்சுக்குவாங்களாம். ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்துல கூப்பிடுவா. கூப்பிட்டதும் முதல்ல மன்னிப்புக் கேட்கப் போறேன். சிரிப்பா. சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.”

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால். ஆல்பம் டம்ளரைக் கீழே வைத்தாள். ‘அம்மா’ என்று ஆரம்பித்தாள். என்ன கண்ணு என்று அந்த அம்மா நிமிர்ந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொரு தடவை ஆரம்பித்தாள்.

சட்டைக் குவியலுக்குள் கைபேசி சிணுங்கியது.

“அவதான்! சீக்கிரமே சாப்பிட விட்டுட்டாங்க போல.” அந்த அம்மா சட்டைகளைத் தள்ளிப் போனை எடுத்தாள். கையை நீட்டி, தூரமாக வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “இல்ல, என் தங்கச்சி. ஏதோ நீளமா அனுப்பியிருக்கா. கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல. கொஞ்சம் படிச்சுச் சொல்லு கண்ணு.”

ஆல்பம் வாங்கிப் பார்த்தாள். மேலே அவள் பத்திரிகையின் பெயர். அதற்குக் கீழே, வேன் விபத்தில் திடீர்த் திருப்பம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இறந்ததாகக் கருதப்பட்ட பெண் உயிருடன் கதவைத் திறந்தார். அவருடைய அட்டையுடன் சென்று பலியானவர், கடந்த மாதம் அதே ஆலையிலிருந்து நீக்கப்பட்ட தோழி. துணிக்கடையில் வேலை செய்வதாகத் தாயை நம்பவைத்திருந்தார். தெருவின் பெயர் இருந்தது. ஈரத்துண்டுகூட இருந்தது. மாடிப்படியில் நின்று அவள் சொன்னதில் ஒன்று பாக்கியில்லை. பெயரை மட்டும் போடவில்லை. வெளியான நேரம் பன்னிரண்டு எட்டு. செய்திக்கு அடியில் தங்கச்சி தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘அக்கா, நம்ம பாப்பா கடையிலதானே இருக்கா?’

“என்னவாம்?” என்றாள் அந்த அம்மா.

ஆல்பம் படிக்கத்தான் வாயைத் திறந்தாள். ‘திடீர்த் திருப்பம்’ வரைக்கும் படித்துவிட்டு நிறுத்தினாள். போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

“அம்மா, அந்த வேன்ல உங்க பொண்ணும் இருந்தா.”

“அவதான் அந்த வேலையில இல்லையே. சொன்னேனே.”

“சிநேகிதியோட அட்டைய வாங்கிக்கிட்டுப் போயிருக்காம்மா. துணிக்கடையெல்லாம் இல்ல. உங்ககிட்டச் சொல்லல.”

“அடி பட்டிருக்கா? எந்த ஆஸ்பத்திரி?”

“அடி இல்லம்மா.” ஆல்பத்துக்குத் தன் குரலே யாருடையதோ போல இருந்தது. “அவ இறந்துட்டா.”

அந்த அம்மா அழவில்லை. கட்டைவிரலிலிருந்து கத்தரிக்கோலைக் கழற்றப் பார்த்தாள். அது வரவில்லை. மறுபடியும் மறுபடியும் இழுத்தாள். ஆல்பம் கழற்றிவிடப் போனபோது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“அதுல அவ பேரு போட்டிருக்கா?”

“பேரு போடலம்மா.”

“பேரு போடலன்னா என் தங்கச்சி எதுக்கு எனக்கு அனுப்புறா?”

அதைக் கடிகாரத்திடம்தான் கேட்க வேண்டும்.

“எப்ப போட்டாங்க?”

“பன்னெண்டு எட்டுக்கு.”

“யாரு சொல்லிப் போட்டாங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். போலீஸ் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா நம்பியிருப்பாள். “நான்தாம்மா சொன்னேன்” என்றாள் ஆல்பம்.

அந்த அம்மா திட்டுவாள், செருப்பால் அடிப்பாள் என்று ஆல்பம் காத்திருந்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். விரல் மடக்கி எதையோ கணக்குப் பார்த்தாள்.

“பன்னெண்டரைக்குத்தான் குழாயடிக்குப் போனேன். எல்லாரும் கூடி நின்னுக்கிட்டு இருந்தாங்க. என் பொண்ணு தப்பிச்சுட்டாடி, நல்லவேளை வேலைய விட்டுத் தூக்குனாங்கன்னு அவங்ககிட்ட சொன்னேன். ஒருத்தியும் வாயே திறக்கல. பொறாமைன்னு நினைச்சேன். எதிர்வீட்டுக்காரி என் குடத்தைக் கையிலேர்ந்து வாங்கி, அவளே சுமந்துக்கிட்டு வந்து உள்ள வச்சுட்டுப் போனா. பத்து வருஷமா என்கூடப் பேசாதவ.” குரல் அப்போதுதான் உடைந்தது. “அவங்க அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு. நான் சிரிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்.”

“என்னை மன்னிச்சிடுங்கம்மா” என்றாள் ஆல்பம். அவளுக்கே அது அற்பமாகக் கேட்டது.

அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கத்தரிக்கோல் இன்னும் விரலில்தான் இருந்தது. வாசற்கதவைத் திறந்தாள். வெளியே தெருவே கூடியிருந்தது. இவளுக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமல், அழுவதா வேண்டாமா என்று புரியாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டுக்காரி முன்னால் நின்றாள். கையில் இருந்த போனைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அந்த அம்மா அவளைப் பார்த்துச் சொன்னாள்.

“மறைக்காதடி. எனக்கும் சொல்லிட்டாங்க.”